முதலில் தண்ணீர்ச் சட்டி

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, இவ மொட்டை மாடி முழுக்க அரிசியா இறைச்சு வச்சிருக்கா" என்று முறையிட்டதில் பேச்சு பாதியில் நின்றுபோனது. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மரக்கூடும் ஒரு பொட்டலம் கம்பும் கொடுத்தார்கள் என்றாய். கூடவே ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "குளிர்காலத்தில் நிறையத் தீனி, கோடையில் நிறுத்தம்" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாய். அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் டிசம்பர் மாதம் மண் உறைந்து கிடக்கும். புழு பூச்சி வெளியே தலைகாட்டாது. பகல் என்பதே எட்டு மணி நேரம்தான். அதற்குள் தின்றதை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குருவி நீண்ட இரவின் குளிரைத் தாண்டியாக வேண்டும். திண்டுக்கல்லில் டிசம்பர் என்றால் கார்த்திகை மழை பெய்து, வேலியெல்லாம் பச்சை பிடித்து, புல்லெல்லாம் விதை கட்டி நிற்கிற நேரம். பறவைகளுக்கு அதைவிட நல்ல காலம் ஏது? நம் ஊர்ப் பஞ்சம் இந்தப் பங்குனியில்தான் தொடங்குகிறது. அதிலும் தண்ணீர்ப் பஞ்சம்தான் முதலில். இரைப் பஞ்சம் அதற்குப் பிறகு.

சுற்றிலும் மலை இருந்தும் மழைக்கு ஏங்குகிற ஊர் நம்முடையது. தென்மேற்குப் பருவமழையைக் கொடைக்கானல் மலை மறித்துக்கொள்ளும். நமக்குக் காற்றுதான் மிச்சம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கு மழை கொடுப்பதை வைத்து வருடத்தை ஓட்ட வேண்டும். முன்பு கிணற்றடி இருந்தது, மாட்டுத் தொட்டி இருந்தது, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழை மரத்தடிக்கு ஓடும். இப்போது உங்கள் ஆர்.எம். காலனியில் தண்ணீர் முழுவதும் மூடி போட்ட தொட்டியிலும் குழாய்க்குள்ளும் இருக்கிறது. குருவி எங்கே போய்க் குடிக்கும்?

நாளை மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்து மதில் நிழலைப் பார். மைனா ஒன்று வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். கத்துவதற்காக வாயைத் திறக்கவில்லை. பறவைக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை மூச்சுக் காற்றோடு ஈரமாக வெளியேற்றித்தான் தணித்துக்கொள்ளும். வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாளில், மூச்சு விட விட உடம்பிலுள்ள தண்ணீர் குறைந்துகொண்டே போகும். பூச்சி தின்கிற பறவைக்கு இரையிலேயே கொஞ்சம் ஈரம் கிடைத்துவிடும். காய்ந்த தானியம் தின்கிற சிட்டுக்கும் புறாவுக்கும் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் நீ கம்பை மட்டும் வைத்துவிட்டுத் தண்ணீர் வைக்காமல் போனால் பாதி உபகாரம்கூட ஆகாது.

அதனால் முதல் வேலை, வாய் அகன்ற மண்சட்டி இரண்டு. மண்ணில் கசிகிற தண்ணீர் சட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். எவர்சில்வர் தட்டு வெயிலில் கொதிக்கும். தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழம் போதும். அதற்கு மேல் என்றால் குஞ்சு மூழ்கிவிடும். நடுவில் ஒரு கருங்கல்லைப் போடு, சின்னப் பறவைகள் அதில் கால் ஊன்றிக் குடிக்கும். வைக்கிற இடம் நிழலாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு மரக்கிளை வேண்டும், பறவை வந்து உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டு இறங்குவதற்கு. ஆனால் சட்டியைச் சுற்றி ஆறடிக்குப் புதர் இருக்கக் கூடாது, ஏனென்றால் எதிர்வீட்டுப் பூனை உன்னைவிடப் பொறுமைசாலி. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குளிக்கும். பத்து நிமிடத்தில் சட்டி காலியாகிவிடும். அலுக்காமல் மறுபடி ஊற்று. காலை ஒருதரம், மதியம் ஒருதரம்.

அம்மா கொசுவுக்குப் பயப்படுவாள். அந்தப் பயம் நியாயமானதுதான். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால் தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றுகிற சட்டியில் அது பிழைக்க வழியில்லை. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நார் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துவிட்டு ஊற்று. சோப்பு வேண்டாம். வாரம் ஒருநாள் சட்டியை வெயிலில் கவிழ்த்துக் காயவை. அதற்குத்தான் இரண்டு சட்டி. ஐப்பசியில் மாநகராட்சிக்காரர்கள் கொசு பார்க்க வரும்போது நீயே கூட்டிப் போய்க் காட்டலாம்.

இனித் தீனி. கம்பு, தினை, சாமை, நொய்யரிசி, சோளக் குருணை எல்லாம் சரி. பச்சை அரிசி தின்றால் குருவி வயிறு உப்பி வெடிக்கும் என்பது கட்டுக்கதை. சோறு வைத்தால் உப்பில்லாமல் வை, சாயங்காலத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடு. நம் வெயிலில் ஆறு மணி நேரத்தில் அது நொந்துபோகும். மிக்சர், முறுக்கு, பிரியாணி மிச்சம் ஆகவே ஆகாது. அவ்வளவு உப்பை வெளியேற்ற அந்தச் சின்ன உடம்பால் முடியாது. அளவு ஒரு கைப்பிடி. ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோக வேண்டும். தீராமல் கிடந்தால் ராத்திரி எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும், அப்புறம் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

கடலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேடசந்தூர், நத்தம் பக்கம் கடலை விளைகிற பூமி என்பதால் நம் வீட்டில் எப்போதும் ஒரு மூட்டை கிடக்கும். சொத்தைக் கடலை, பூசணம் பிடித்த கடலையைக் கீழே கொட்ட மனம் வராமல் பறவைக்குப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைச் செய்யாதே. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனதில், பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு இறக்கிய கடலைப் பிண்ணாக்கில் பூசணம் விட்ட நஞ்சு இருந்தது. அஃப்ளாடாக்சின் என்று உன் வேதியியல் வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும். உலகத்துக்கு அது தெரியவந்ததே அந்த வான்கோழிகளால்தான். நாம் தின்னத் தயங்குகிற கடலை அவற்றுக்கும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். நீ படம் அனுப்பிய அந்த வழவழப்பான பிளாஸ்டிக் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஒரு குணமும் இல்லை. பிரிட்டனில் தோட்டத்தில் தீனி வைப்பது பெரிய பழக்கம். அங்கே 2005ல் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைநிறக் குருவிக்குத் தொண்டையில் புண் வரத் தொடங்கியது. புறாக்களிடம் வெகுகாலமாக இருந்த ஒரு கிருமி தீனித்தட்டு வழியாகக் குருவிக்குத் தாவிவிட்டது. தொண்டை அடைத்த குருவியால் விழுங்க முடியாது. கொத்தியதை எச்சிலோடு தட்டிலேயே துப்பிவிடும். அடுத்து வருகிற குருவி அதை எடுத்துத் தின்னும். ஊர் முழுக்கக் கண்ட பறவை குறைந்துகொண்டே போய், 2021ல் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அந்த நாட்டுப் பறவை பாதுகாப்புச் சங்கமே 2025ல் தட்டையான தீனித்தட்டு விற்பனையை நிறுத்தி வைத்தது. அன்பாகச் செய்கிற காரியம் இப்படியும் முடியும். நம் ஊரில் மாடப்புறாவுக்கும் குறைவில்லை. எனவே தீனியைத் தினமும் ஒரே இடத்தில் கொட்டாதே. இன்றைக்கு மாடியில் என்றால் நாளைக்குத் தென்னை மரத்தடியில். வைத்த இடத்தைக் கூட்டிக் கழுவு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கிற குருவியைப் பார்த்தால் இரண்டு வாரத்துக்குத் தீனியை நிறுத்து, சட்டியையும் எடுத்துவிடு.

நிறுத்தினால் பட்டினி கிடந்து செத்துவிடுமோ என்று மருகாதே. அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம், பல வருடம் தீனி வைத்துப் பழக்கிய குருவிகளுக்குத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். பழகாத குருவிகள் எப்படிப் பிழைத்தனவோ அப்படியே அவையும் அந்தக் கடுங்குளிரைத் தாண்டின. உன் கைப்பிடிக் கம்பு அவற்றுக்கு நொறுக்குத்தீனி மாதிரி. பிழைப்பு வேறெங்கோ இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் பல பறவைகள் கூடு கட்டிவிடும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குத் தானியம் ஊட்டாது. பச்சைப் புழு, சிலந்தி, வெட்டுக்கிளிக் குஞ்சு என்று தேடித் தேடிக் கொண்டுவரும். முதல் சில நாள் அந்தக் கறிச்சாப்பாடு இல்லாவிட்டால் குஞ்சு தேறாது. இந்த இரண்டு மாதமும் தானியத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, செடிக்கு மருந்து அடிப்பதை அடியோடு நிறுத்தச் சொல் உன் அப்பாவிடம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும். மாமரத்தடிச் சருகில் தவிட்டுக்குருவி வேலை செய்வதைக் கவனித்திருக்கிறாயா? ஒரு இலையை அலகால் பிடித்துப் புரட்டிப் போடும், அடியில் பார்க்கும், அடுத்த இலைக்குப் போகும். கூட்டத்தில் ஒன்று மட்டும் மேலே கிளையில் காவல் இருக்கும். அந்தச் சருகுக்குள் இருப்பதை எந்தக் கடையிலும் உன்னால் வாங்க முடியாது.

ஆடிக்காற்று உனக்குப் புதிது. கோயம்புத்தூரிலிருந்து வந்தவளுக்குக் காற்று தெரியும் என்றாலும், இங்கே புழுதியும் சேர்ந்து வரும். தொங்கவிட்ட பாத்திரமெல்லாம் ஆடிக் கொட்டிவிடும். சட்டியைத் தரையோடு வை. அந்த மாதங்களில் வேப்பம்பழம் உதிரும். மைனா, கொண்டைக்குருவி, காகம், கிளி எல்லாவற்றுக்கும் வேம்பே பந்தி போட்டுவிடும். நீ தானியப் பெட்டியை மூடி வைக்கலாம். ஒரே ஒரு வேலை உண்டு. காற்றில் குஞ்சு கீழே விழும். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அதை வீட்டுக்குள் தூக்கிப் போகாதே. எடுத்துக் கிளையில் வைத்துவிட்டு ஒதுங்கி நில். மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் கட்டுக்கதைதான். நீ நகர்ந்ததும் தாய் வந்துவிடும்.

காக்கைக்குச் சோறு வைப்பதை நான் தடுக்கப் போவதில்லை. அமாவாசை தோறும் நானே வைக்கிறேன். மகாளய அமாவாசையன்று வைக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் காகம் மற்றவற்றின் முட்டையையும் குஞ்சையும் தூக்குகிற பறவை. தினமும் நிறையச் சோறு வைத்துக் காகத்தைக் கூட்டினால், உன் மருதாணி வேலிக்குள் கூடு கட்டியிருக்கிற தேன்சிட்டுக்குத்தான் ஆபத்து. காக்கைச் சோறு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு உருண்டையோடு இருக்கட்டும். சிட்டுக்கு வைப்பது வீட்டின் மறுபக்கம்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை இறங்கட்டும், அப்போது பார். முதல் நல்ல மழைக்கு மறுநாள் அந்தியில் மண்ணில் சின்னச் சின்னத் துளைகள் திறக்கும், ஈசல் கிளம்பும். சில சமயம் விடியற்காலையிலும் கிளம்பும். அதுதான் பார்க்க வேண்டிய காட்சி. கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். பஞ்சுருட்டான் காற்றில் வட்டம் அடிக்கும். மைனாவும் தவிட்டுக்குருவியும் துளை வாசலிலேயே நின்று, வெளியே வருகிறதை வருகிற வேகத்தில் விழுங்கும். காகம் மேலே பறந்து பிடிக்கத் தெரியாமல் பிடிக்கும், பாதி தவறிப்போகும். சிட்டுக்குருவிகூட விதையை மறந்துவிட்டு ஈசல் பின்னால் ஓடும். இறக்கை உதிர்ந்து ஊர்கிற ஈசல் அணிலுக்கும் ஓணானுக்கும். அன்றைக்கு உன் கம்பைச் சீண்ட ஒரு பறவை வராது. தீனி தானே நின்றுவிடும் காலம் அதுதான். கார்த்திகை கடைசி வரை நீ வைக்கவே வேண்டாம். ஈரத்தில் தானியம் பூசணம் பிடிக்கும் என்பது இன்னொரு காரணம். அந்த மழைக்காலத்திலேயே தீபாவளியும் வந்துவிடும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று ஊரே வெடி வெடிப்பதில்லை. உன்னை அவ்வளவு தூரம் கேட்கவில்லை. மரத்தடியில் சரம் கொளுத்தாமல் இருந்தால் போதும்.

ஐப்பசியில் விருந்தாளிகளும் வருவார்கள். ஆறுமணிக்குருவி என்று கேள்விப்பட்டிருப்பாய். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கட்டை வால். வடக்கே இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கம் இறங்கும். பயணமெல்லாம் இரவில். களைத்துப்போய்க் கண்ணாடி ஜன்னலில் மோதி வராந்தாவில் விழுந்து கிடக்கும். பார்த்தால் கிளிக்குஞ்சு என்று கூண்டில் போட்டுவிடாதே, வாயில் தண்ணீரும் ஊற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து, மூடி, சத்தமில்லாத இருட்டு அறையில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடு. தெளிந்துவிட்டால் உள்ளே தத்துகிற சத்தம் கேட்கும். காகங்கள் அடைந்த பிறகு, சாயங்காலம் புதர் ஓரமாகத் திறந்து விடு. தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மார்கழி, தையில் ஒரு கைப்பிடி தானியம் மறுபடி வைக்கலாம். பறவைக்குத் தேவை என்று சொல்லமாட்டேன். நீ பார்த்துக் கற்றுக்கொள்ள. காலைப் பனியில் வெளிச்சம் சாய்வாக விழும்போது சிட்டில் ஆண் எது, பெண் எது என்று நன்றாகத் தெரியும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் உன் வீட்டுத் தோட்டமும் அந்தக் கணக்கில் சேரும். சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் 2020ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் அது பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் தேய்ந்திருக்கிறது என்று அதில் இருக்கிறது. இப்படிச் சொல்ல முடிந்ததே உன்னைப் போல் பலர் எண்ணிக் கொடுத்ததால்தான்.

பள்ளியில் கொடுத்த மரக்கூட்டை மேற்கு வெயில் படாத சுவரில், எட்டு பத்தடி உயரத்தில், மின்விசிறிக்கும் பூனைக்கும் எட்டாமல் ஆணியடித்து மாட்டு. தீனி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். உடனே குருவி வரவில்லை என்று கழற்றாதே.

மயிலுக்குத் தீனி வைக்காதே. புறநகர் வீடு என்பதால் ஒருநாள் வந்து மதிலில் நிற்கும், படம் எடுக்கத் தோன்றும், அரிசி போடத் தோன்றும். வீட்டுத் தீனி பழகிய மயில் அடுத்த காட்டில் போய்க் கடலையையும் தக்காளி நாற்றையும் கிளறினால் அந்த விவசாயி யாரிடம் போய்ச் சொல்வார்? சட்டப்படி அதைத் தொடவும் முடியாது. சிறுமலைச் சாலையில் சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போட்டுப் போட்டு, குரங்குகள் காட்டை விட்டுச் சாலையோரத்தில் குடியேறிவிட்டன. அந்தக் கதை மதிலோரம் வேண்டாம்.

வருடம் முழுவதும் தீனி வைக்கத்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் மண்ணில் வை. முருங்கை ஒன்று இருந்தால் தேன்சிட்டு மாதக்கணக்கில் சுற்றும். கறிவேப்பிலையைக் கவாத்துச் செய்யாமல் ஒரு கிளையைப் பழுக்க விடு, அந்தக் கறுப்புப் பழத்துக்குக் குயில் தேடி வரும். தண்டுக்கீரையில் நாலு செடியைப் பறிக்காமல் விதை கட்ட விட்டால் சில்லைகள் வந்து கதிரில் தொங்கும். கொய்யாவில் எட்டாத உச்சிப் பழங்களுக்குக் கொக்கி போடாதே.

மாடியில் இறைத்த அரிசியை இன்றைக்கே கூட்டி அள்ளிவிடு, சாயங்காலம் எலி பார்ப்பதற்குள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சின்னாளபட்டிக்கு வா. சட்டி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். வைக்கோல் சுற்றித் தருகிறேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகமும் எடுத்து வைத்திருக்கிறேன், படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கறிவேப்பிலைக் கன்று வேண்டுமானால் முன்கூட்டியே சொல், வேரோடு பெயர்க்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அன்புடன்,
பெரியம்மா